மின்வாகனக் கல்வி: உப்பளக் கரைக்கும் பங்கு வேண்டும்

சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்களில் பலருக்கு அனுமந்தை என்பது சுங்கச்சாவடியின் பெயர், அவ்வளவுதான். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய இந்தக் கரையில் மீனவக் குப்பங்களும் பாத்திகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அருகில் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மின்சாரக் கார்கள் போவது இப்போது யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. மின்சார ஸ்கூட்டர்கள் கிராமத் தெருக்களுக்கும் வந்துவிட்டன.

வண்டிகள் வந்துவிட்டன. அவற்றைப் புரிந்துகொண்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? பெட்ரோல் வண்டி நின்றுபோனால் பட்டறைக்காரர் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்ப்பார். மின்வண்டி நின்றுபோனால், "கன்ட்ரோலர் போயிடுச்சு, கம்பெனிக்குத்தான் அனுப்பணும்" என்பதோடு பேச்சு முடிகிறது. அந்த கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருப்பதுதான் பவர் எலக்ட்ரானிக்ஸ் என்னும் மின்திறன் மின்னணுவியல். அதை வடிவமைக்கவும் சோதிக்கவும் மேம்படுத்தவும் வல்லவர்கள் உருவாகும் இடம் பொறியியல் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வுக்கூடம். மின்வாகன ஆலைகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கைக்கூட நாம் அந்த ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கவில்லை. இந்தக் குறையை அரசு மட்டும் சரிசெய்துவிட முடியாது. கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் பெற்றோரும் கடற்கரை ஊராட்சிகளும் சேர்ந்து தோள்கொடுக்க வேண்டிய வேலை இது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

பேட்டரி தருவது நேர் மின்னோட்டம். இன்றைய மின்வாகன மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது மூன்று கட்ட மாறு மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இன்வெர்ட்டர். உப்பளத்தில் மடையைத் திறந்தும் அடைத்தும் எந்தப் பாத்திக்கு எவ்வளவு உவர்நீர் என்று தொழிலாளி தீர்மானிப்பதைப் போல, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் குறைகடத்திச் சாவிகள் மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற கணக்கிலிருந்து மோட்டாரின் வேகமும் இழுவையும் பிறக்கின்றன. வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற வடிவில் தரும் சார்ஜருக்குள்ளும் நடப்பது இதே வேலைதான். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சிறிதளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அந்த வெப்பத்தைக் குறைப்பதும் வெளியேற்றுவதும்தான் இத்துறையின் பெரும் பாடு.

இந்தச் சாவிகளில் உலகை மாற்றிய ஒன்று ஐ.ஜி.பி.டி. எனப்படும் டிரான்சிஸ்டர். அதைக் கண்டுபிடித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்து, 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். அதன்பின் அமெரிக்காவின் ரென்சலர் பல்கலைக்கழகத்தில் முதுநிலையும் முனைவர் பட்டமும் முடித்து, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் அங்கே உருவானதுதான் ஐ.ஜி.பி.டி. ரயில் எஞ்சின், மின்சாரக் கார், காற்றாலை, குளிர்சாதனம் என அது நுழையாத இடம் குறைவு. பின்லாந்து வழங்கும் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு 2024இல் அவருக்குக் கிடைத்தது.

பாலிகாவின் பெருமையில் பங்கு கேட்கும் நாம் அவருடைய பாதையையும் கவனிக்க வேண்டும். இளநிலைப் பட்டம் அவருக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் கிடைத்தது. அவரைக் கண்டுபிடிப்பாளர் ஆக்கியது அதற்குப் பிந்தைய படிப்பும், அந்தப் படிப்பை நம்பிப் பொறுமையாகச் செலவிட்ட ஒரு தொழில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும். அந்த இரண்டும் அன்று இங்கே அமையவில்லை. இன்றாவது அமைய வேண்டும்.

மின்போக்குவரத்து நமக்குப் புதிதல்ல

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே மாதம் சென்னையில்தான் ஓடத் தொடங்கியது. 1953 வரை அது நகரின் தெருக்களில் ஓடியது. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்ரயில் வந்தது. 1965இல் தாம்பரம் - விழுப்புரம் பாதை மின்மயமானது. திண்டிவனம் வழியாகப் போகும் அந்தப் பாதையில், மின்வாகனம் என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே மின்சாரம் மக்களை ஏற்றிச் சென்றது. 1955இல் தொடங்கிய பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவாகி, 2019 பிப்ரவரியில் சேவைக்கு வந்தது வந்தே பாரத் ரயில். அந்தப் பெட்டிகளின் அடியில் சுழலும் மோட்டார்களை இயக்குவதும் குறைகடத்திச் சாவிகள்தான்.

சாலையிலும் தமிழகம் முன்னணியில் நிற்கிறது. ஒசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா, ராணிப்பேட்டையில் ஆம்பியர், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் உற்பத்தியைத் தொடங்கிய வியட்நாமின் வின்ஃபாஸ்ட். நாட்டில் தயாராகும் மின்சார இருசக்கர வாகனங்களில் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. 2019இல் ஒன்றும் 2023இல் ஒன்றுமாக இரண்டு மின்வாகனக் கொள்கைகளை மாநில அரசு வெளியிட்டது. 50,000 கோடி ரூபாய் முதலீடும் ஒன்றரை லட்சம் வேலைகளும் இரண்டாவது கொள்கையின் இலக்கு. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் சென்னையின் சாலைகளுக்கு வந்தன.

இவை மகிழ்ச்சிக்குரிய செய்திகள். ஆனால் உற்பத்தியில் முன்னணி வேறு, வடிவமைப்பில் முன்னணி வேறு. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது இந்த வேறுபாடு சுடச்சுடத் தெரிந்தது. மின்வாகன மோட்டார்களில் பெரும்பாலானவை அந்தக் காந்தங்களை நம்பியவை. வரத்து தடைபட்டதும் இந்தியாவின் பெரிய நிறுவனங்களே உற்பத்தியைக் குறைக்க வேண்டிய நிலைக்கு வந்தன. அருமண் காந்தம் இல்லாமல் இயங்கும் ரிலக்டன்ஸ் மோட்டார்களுக்கும் ஃபெரைட் காந்த மோட்டார்களுக்கும் நிறுவனங்கள் அவசரமாகத் திரும்பின. அப்படிப்பட்ட மோட்டாரை அதிராமல், இரையாமல், இழுவை குறையாமல் ஓட்டுவது எளிதன்று. அதன் கட்டுப்பாட்டு நிரலும் இன்வெர்ட்டரும் புதிதாகச் சிந்திக்கப்பட வேண்டும். அந்தச் சிந்தனையை நெருக்கடி வந்தபின் சந்தையில் வாங்க முடியாது. ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடங்களில் மாணவர்களை உட்கார வைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பும் இதே கல்வியோடு சேர்ந்தது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் ஏற்றிய மின்ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலிருந்து கட்டம்கட்டமாக நடைமுறைக்கு வந்தன. விதியை எழுதிவிடலாம். ஒவ்வொரு பேட்டரியும் ஒவ்வொரு சார்ஜரும் அந்த விதிக்கு உட்பட்டிருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல ஆழப் படித்தவர்கள் வேண்டும்.

காலி இருக்கைகளும் ஆளுக்கொரு பழியும்

இப்படிப்பட்ட படிப்பு தமிழகத்தில் இல்லாமல் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ் எம்.இ. நெடுங்காலமாக நடக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் பவர் எலக்ட்ரானிக்ஸ் எம்.டெக். உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பணியில் இருப்பவர்களுக்காக இணையவழியில் இ-மொபிலிட்டி எம்.டெக். நடத்துகிறது. தனியார் கல்லூரிகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் தலைசிறந்த சில நிறுவனங்களை விட்டு வெளியே வந்தால், முதுநிலைப் பொறியியல் வகுப்புகளில் இருக்கைகள் நிரம்புவதே அரிதாகிவிட்டது.

காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். மாணவர்கள் சேரவில்லை என்கிறது கல்லூரி. எம்.இ. முடித்தால் கல்லூரி ஆசிரியர் வேலையைத் தவிர வேறு வழி இல்லை என்கிறார் மாணவர். படித்து வருகிறவர்களுக்கு நிஜமான இன்வெர்ட்டரைத் தொட்டுப் பழக்கமில்லை என்கிறது தொழிற்சாலை. தொழிற்சாலை கருவியும் தருவதில்லை, பயிற்சிக்கும் எடுப்பதில்லை என்கிறார் ஆசிரியர். நான்கு வருடம் படிக்க வைத்ததே பெரிய பாடு, இனி சம்பாதிக்கட்டும் என்கிறது வீடு. ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் பங்கு உண்மையோடு நின்றுவிடுவதால்தான் முழுச் சிக்கலும் யாருக்கும் உரியதாகாமல் கிடக்கிறது.

வீட்டின் கணக்கை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கேட் தேர்வில் தகுதி பெற்று முழுநேர எம்.இ., எம்.டெக். சேர்கிறவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. ஏறத்தாழப் பத்தாண்டுகளாக அதே தொகை. முனைவர் பட்ட ஆய்வாளருக்கான இளநிலை உதவித்தொகை 2023இல் 37,000 ரூபாயாக உயர்ந்தபோதும் இது அசையவில்லை. கேட் தகுதி இல்லாமல் மாநில நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்கிறவருக்கு இந்தத் தொகையும் கிடையாது.

தமிழக அரசின் கல்வி உதவிகள் நாட்டுக்கே முன்மாதிரி. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அதன்வழி சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. பிறகு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் ஆயிரம் ரூபாய் தந்தன. உப்பளத் தொழிலாளியின் மகளும் மீனவரின் மகனும் பொறியாளராவதற்கு இவை பாதை போட்டன. அந்தப் பாதை இளநிலைப் பட்டத்தோடு முடிந்துவிடுகிறது. பட்டம் வாங்கிய மறுநாள் அந்த மாணவிக்கு முன்னால் இருப்பது, கடனை அடைக்கக் கிடைக்கும் ஏதோ ஒரு வேலை அல்லது கைச்செலவுக்கும் போதாத உதவித்தொகையோடு இரண்டாண்டு படிப்பு. அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் வேலையில்லாத மூன்று மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தர வேண்டியிருக்கிறது என்று அரசே உணர்ந்து தந்து வருகிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் ஆய்வுக்காக இரண்டாண்டு பொறுத்திரு என்று சொல்ல, நம் கையில் அதற்கான ஏற்பாடு இருக்க வேண்டும்.

உப்புக் காற்றே பாடம்

ஆய்வும் உயர்கல்வியும் கிண்டியிலும் அடையாறிலும் நடக்க வேண்டியவை, அனுமந்தைக்கு அவற்றில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இந்தக் கரைக்குத்தான் அதில் நிறைய வேலை இருக்கிறது.

வாகனப் பாகங்களின் அரிப்புத் தாங்கும் திறனை அறிய ஆய்வுக்கூடங்களில் உப்புத் தெளிப்புச் சோதனை நடத்துகிறார்கள். 5 விழுக்காடு உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் மூடிய அறைக்குள் பனிபோல் தெளித்து, நாள்கணக்கில் பாகத்தை அதில் வைத்திருப்பார்கள். மரக்காணம் கரையில் அந்தச் சோதனையை இயற்கை ஆண்டு முழுவதும் நடத்துகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். சுற்றுப் பலகையில் படிந்த உப்புத்தூள் இரவில் உவர்நீர்ப் படலமாகிறது. மின்கம்பித் தடங்களுக்கிடையே அந்தப் படலத்தின் வழியாக மின்னோட்டம் கசிகிறது, செம்பு அரிக்கிறது, கனெக்டர்கள் பச்சை பூக்கின்றன.

தீர்வாகப் பலகைக்குப் பூச்சுப் பூசலாம், பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்கலாம். அடைத்தால் உள்ளே வெப்பம் தேங்கும். மின்தேக்கிகளில் சில வகைகளுக்கு வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் அனுபவக் கணக்கு. உப்பை வெளியே நிறுத்தினால் வெப்பம் உள்ளே நிற்கிறது. வெப்பத்தை வெளியேற்றத் திறந்தால் உப்பு வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பது முதுநிலை ஆய்வுக்கே உரிய கேள்வி. இதற்குக் குளிர்நாட்டுப் பாடநூலில் ஆயத்த விடை கிடைக்காது. தமிழகத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை இருக்கிறது. இங்கே கண்டறியும் விடை தூத்துக்குடிக்கும் நாகைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் பயன்படும்.

உப்பளத்திலேயே கேள்விகள் காத்திருக்கின்றன. உவர்நீரை இறைத்துப் பாத்திக்கு ஏற்றுவதற்கு எரிபொருளோ மின்சாரமோ செலவாகிறது. குஜராத்தின் சிறிய கட்ச் ரண்ணில் அகாரியா உப்புத் தொழிலாளர்கள் டீசல் பம்புகளிலிருந்து சூரியசக்தி பம்புகளுக்கு மாறி எரிபொருள் செலவைக் குறைத்திருக்கிறார்கள். வெயில் ஏறினால் பாத்தியில் நீர் வேகமாக வற்றும். அப்போது இறைக்க வேண்டிய தேவையும் கூடும். சூரியத் தகடு அதிக மின்சாரம் தருவதும் அந்த நேரத்தில்தான். இவ்வளவு பொருத்தமான தொழில் வேறு அரிது. சூரியத் தகட்டுக்கும் பம்புக்கும் நடுவே நிற்கும் கட்டுப்பாட்டுக் கருவி, மின்வாகன இன்வெர்ட்டரின் உடன்பிறப்பு. ஒன்றைப் படித்தவர் மற்றதையும் செய்வார்.

கடலுக்குள்ளும் போகலாம். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து சூரியசக்திப் படகு 'ஆதித்யா' பயணிகளை ஏற்றிச் செல்கிறது. 2023 ஏப்ரலில் கொச்சியில் வாட்டர் மெட்ரோ மின்படகுகள் ஓடத் தொடங்கின. அவை அமைதியான உப்பங்கழியில் ஓடுகிறவை. நம் மீனவர்களின் ஃபைபர் படகு மணலிலிருந்து தள்ளப்பட்டு, அலையை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போக வேண்டும்; அலை அடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் முழு விசை வேண்டும். அதைத் தாங்கும் மின்மோட்டார் அமைப்பை வடிவமைக்க விரும்பும் மாணவருக்குக் குப்பத்து மீனவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

புயலையும் மறக்க முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. புயலோடு மின்தடையும் வருவது இக்கரையின் வழக்கம். 2011இல் நிலநடுக்கத்தையும் சுனாமியையும் சந்தித்த ஜப்பான், அடுத்த ஆண்டே மின்காரின் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் இருபுறமும் பாயும் சார்ஜர் அதன் உயிர். ஒரு மின்பேருந்தின் பேட்டரியைக் கொண்டு புயல் பாதுகாப்பு மையத்தின் விளக்குகளையும் குடிநீர் மோட்டாரையும் செல்பேசி சார்ஜர்களையும் இயக்க முடியுமானால், அந்தப் பேருந்து பேரிடர் மேலாண்மைக் கருவியாகவும் ஆகிவிடும்.

எல்லைக்கோடு படிப்பைத் தடுக்கக் கூடாது

ஐரோப்பாவில் நீடித்த போக்குவரத்துக்கும் மின்சக்தி அமைப்புகளுக்குமான முதுநிலைப் படிப்பு ஒன்றை ஸ்பெயினின் ஒவியேதோ, இத்தாலியின் ரோம், பிரிட்டனின் நாட்டிங்ஹாம், போர்ச்சுகலின் கோயிம்பிரா ஆகிய நகரங்களின் கல்வி நிறுவனங்கள் கூடி நடத்தின. மாணவர் ஒரு நாட்டில் தொடங்கி மற்றொன்றில் தொடர்ந்து, ஒவ்வோர் ஆய்வுக்கூடத்தின் தனித்திறனையும் பெற முடிந்தது. எந்த நிறுவனமும் எல்லாக் கருவிகளையும் தானே வாங்க வேண்டியிருக்கவில்லை.

அனுமந்தையைச் சுற்றிப் பாருங்கள். தெற்கே சில கிலோமீட்டரில் காலாப்பட்டு. அங்கே 1985இல் தொடங்கிய புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகமும், புதுச்சேரி பொறியியல் கல்லூரியாக இருந்து வளர்ந்த புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இதே கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. மேற்கே திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. நான்கு நாடுகள் சேர்ந்து செய்ததை, ஒரே பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள நான்கு நிறுவனங்கள் செய்ய முடியாதா? ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் ஒன்றியப் பிரதேசம் என்ற கோடு நிர்வாகத்துக்கு உரியது. உப்புக் காற்று அந்தக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

யார் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றிய அரசு, கேட் வழி முதுநிலை உதவித்தொகையை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். மாநில அரசு, 7.5 விழுக்காடு வழியாகப் பொறியியல் முடித்த மாணவர்கள் பவர் எலக்ட்ரானிக்ஸ், மின்வாகனவியல் போன்ற துறைகளில் முதுநிலை சேர்ந்தால் அவர்களின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் ஏற்க வேண்டும். மின்வாகனக் கொள்கையின் அடுத்த பதிப்பில், சலுகை பெறும் ஒவ்வோர் ஆலையும் தமிழகக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தோடு கைகோக்க வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற வேண்டும்.

தொழிற்சாலைகள், பழுதாகித் திரும்பி வரும் கன்ட்ரோலர்களையும் சார்ஜர்களையும் கழிவாக ஒதுக்காமல் கல்லூரிகளுக்குத் தர வேண்டும். கடற்கரையில் பழுதான நூறு கன்ட்ரோலர்களைப் பிரித்துப் பார்க்கும் மாணவர், எந்தப் பாடநூலும் சொல்லாததைக் கற்பார். அதன் முடிவு அந்த ஆலைக்கே லாபம். இரண்டாண்டுப் படிப்பில் ஓராண்டு ஆலையின் வடிவமைப்புப் பிரிவில் ஊதியத்தோடு பணிபுரியும் முறையை ஏற்றால், எம்.இ. படித்தால் ஆசிரியர் வேலைதான் என்ற பேச்சுக்கு முடிவு வரும்.

கல்லூரிகள், எழுத்துத் தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்ணைவிட, மாணவர் கையால் கட்டி ஓடவிட்ட மின்சுற்றுக்கு மதிப்பு தர வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அதே தலைப்பில் கணினி மாதிரியைச் செய்து சமர்ப்பிக்கும் வழக்கம் நிற்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் சிக்கலை எடுத்துக்கொண்ட ஆய்வேட்டுக்குத் தனி மதிப்பு தரலாம்.

கடற்கரை ஊராட்சிகளுக்கும் மீனவர் பஞ்சாயத்துகளுக்கும் இதில் இடம் உண்டு. புயல் பாதுகாப்பு மையத்தின் கூரையையோ, மீன் இறங்குதளத்தின் ஒரு மூலையையோ கருவிகளை வெளியில் வைத்துச் சோதிக்க ஒதுக்கித் தரலாம். உப்பள உரிமையாளர்கள் ஒரு பாத்தியின் பம்பை மாணவர்களின் சோதனைக்கு ஒப்படைக்கலாம். உள்ளூர்ப் பட்டறைக்காரர்களை ஒதுக்கிவிட்டு இந்த மாற்றம் நடக்கக் கூடாது. அவர்களுக்கான குறும்பயிற்சியை அதே ஆய்வுக்கூடங்கள் தமிழில் நடத்த வேண்டும். மேலே ஆராய்ச்சியாளரும் கீழே மெக்கானிக்கும் ஒரே மொழியில் பேசினால்தான் வண்டி ஓடும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முதுநிலைப் படிப்பை வேலை கிடைக்காதவர்களின் புகலிடமாக நாம் நினைத்த காலம் ஒன்று இருந்தது. பவர் எலக்ட்ரானிக்ஸில் ஆழமாகக் கற்றவர்களுக்கு இன்று வண்டி ஆலைகளில் மட்டுமல்லாமல், ரயில்வே, சூரிய மின்நிலையம், காற்றாலை, மருத்துவக் கருவி, தகவல் மையம் எல்லாவற்றிலும் இடமிருக்கிறது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படிப்பை இளநிலையோடு நிறுத்திவிடாதீர்கள்.

எதிர்வாதங்களுக்கு மதிப்பளித்து

மின்சாரமே நிலக்கரியிலிருந்து வரும்போது மின்வாகனம் எப்படித் தூய்மையாகும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மின்தொகுப்பு தூய்மையாகும் அளவுக்குத்தான் வண்டியும் தூய்மையாகும். காற்றும் சூரியனும் தரும் மின்சாரத்தைத் தொகுப்பில் சேர்ப்பதும் பவர் எலக்ட்ரானிக்ஸின் வேலைதான். 1980களின் பிற்பாதியில் காற்றாலைகளைத் தொடங்கிய தமிழகத்துக்கு இது புரியாததல்ல.

கார் வாங்க முடிந்தவர்களுக்கு அரசுப் பணம் ஏன் என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களின் பக்கமும் நிற்கத்தான் வேண்டும். ஆகவே இந்தப் படிப்பின் முதல் கவனம் பேருந்திலும் ஆட்டோவிலும் மீன்பிடிப் படகிலும் உப்பள பம்பிலும் இருக்கட்டும். அனுமந்தையிலிருந்து மரக்காணம் மருத்துவமனைக்கோ திண்டிவனம் கல்லூரிக்கோ போகிறவர் ஏறும் அரசுப் பேருந்து மின்சாரத்தில் ஓடி, உப்புக் காற்றில் பழுதாகாமல் நின்றால், அதுவே இந்தக் கல்வியின் முதல் மதிப்பெண்.

ஆலைகளை அழைத்துவந்தோம், வேலைகள் வந்தன. அடுத்த படி, அந்த ஆலைகளுக்குள் ஓடும் அறிவை நம் பிள்ளைகள் உருவாக்குவது. மாநில அரசும் புதுச்சேரி அரசும், அண்ணா பல்கலைக்கழகமும் புதுச்சேரியின் இரு பல்கலைக்கழகங்களும், ஆலைகளும் கடற்கரை ஊராட்சிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, இக்கரைக்கான கூட்டு முதுநிலை ஆய்வுத் திட்டத்தை வரும் கல்வியாண்டுக்குள் தீர்மானிக்க வேண்டும். பணம் ஒருவர் தரட்டும், இடம் ஒருவர் தரட்டும், கருவி ஒருவர் தரட்டும். பொறுப்பை மட்டும் எல்லோரும் ஏற்போம்.